சதுப்பு நிலமும் சமூக வரலாறும்: அயர்லாந்தின் கிளாராச் சதுப்பினை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

அயர்லாந்தின் நடுநிலச் சமவெளியில், ஒபலி மாவட்டத்தில், கிளாரா என்றொரு சிறுநகர் உண்டு. அந்நகருக்குத் தெற்கே, றஹன் என்னும் ஊருக்குச் செல்லும் பாதையின் இருமருங்கும் பரந்து கிடப்பது கிளாராச் சதுப்பு. 1987ஆம் ஆண்டில் அரசினால் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட இந்நிலம், மேற்கு ஐரோப்பாவில் இன்று எஞ்சியுள்ள மேட்டுச் சதுப்புகளுள் பெரியவற்றில் ஒன்றாகும். ஆய்வு நிமித்தம் அந்நாட்டிற் சில வாரங்கள் தங்க நேர்ந்தபோது, யூலை மாதத்து முற்பகல் ஒன்றில் இக்கட்டுரையாளர் அங்கு சென்றார்.

இலக்கிய மாணவன் ஒருவனுக்குச் சதுப்பு நிலத்தில் என்ன வேலை என்ற வினா எழுதல் இயல்பே. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், மரம், புள், விலங்கு, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருளாகவும் கொண்டு மாந்தர் ஒழுக்கத்தை நோக்கிய மரபு நம்முடையது. அம்மரபின் பொருளியல் அடித்தளத்தைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் வெளியான தமது திணைக்கோட்பாடு பற்றிய ஆய்வில் விளக்கிக் காட்டினார். நிலத்தோற்றம் என்பது வெறும் பின்னணியன்று. உற்பத்தி முறையும் உற்பத்தி உறவுகளும் பதிந்து கிடக்கும் தளம் அது என்பதை அவ்வாய்வினூடாக அறிந்தவர்கள் வேறொரு நாட்டின் நிலத்தையும் அக்கண்கொண்டு நோக்காதிருத்தல் அரிது.

கிளாராச் சதுப்பு பாதுகாக்கப்பட வேண்டியது என்பதில் ஐயமில்லை. ஆயின், அது யாரிடமிருந்து பாதுகாக்கப்படுகிறது, பாதுகாப்பின் சுமையை யார் தாங்குகின்றனர் என்னும் வினாக்களைத் தவிர்த்துவிட்டு அதன் பாசியையும் பூவையும் மாத்திரம் வியந்து நிற்பது அரைகுறைப் பார்வையே ஆகும். அந்நிலத்தின் தாவர வாழ்வினை முதலிலும், அதனோடு பின்னிக் கிடக்கும் மாந்தர் வரலாற்றினை அடுத்தும் நோக்கி, இவ்விரண்டையும் ஒன்றாகவே காண முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

வீதியோரத்திலிருந்து சதுப்பினுள் மரப்பலகையாலான நடைபாதை ஒன்று இட்டுச் செல்கிறது. பலகையை விட்டு ஓரடி இறங்கினாலும் நிலம் காலின் கீழ் மெத்தென்று அமிழ்ந்து, பின் மெல்ல எழுகிறது. ‘மென்மை’ எனப் பொருள்படும் ஐரிஷ் மொழிச் சொல்லிலிருந்தே ‘பொக்’ என்னும் ஆங்கிலச் சொல் பிறந்தது என்பது காலால் உணர்ந்தபோதே தெளிவாயிற்று.

இந்நிலம் தோன்றிய முறையினைச் சுருக்கமாகக் கூறலாம். ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனிக்கட்டிக் காலம் முடிவுற்றபோது இப்பகுதியில் ஆழமற்ற ஏரிகள் எஞ்சின. அவற்றின் கரைகளில் நாணலும் கோரையும் வளர்ந்து மடிந்தன. நீரால் நிறைந்த இடத்தில் ஒட்சிசன் போதாமையால் மடிந்த தாவரம் முற்றாக உக்கவில்லை. படிப்படியாகத் திரண்டு ஏரியை நிரப்பிற்று. இவ்வாறு அரைகுறையாக உக்கித் திரண்ட தாவரப் பொருளையே நமது புவியியல் நூல்கள் ‘முற்றா நிலக்கரி’ என வழங்கும். வழக்கிலுள்ள ‘பீற்’ என்னும் சொல்லையே இங்குக் கையாள்வோம். பீற் மேலும் மேலும் உயர்ந்து நிலத்தடி நீரின் மட்டத்தைத் தாண்டியபின், அந்நிலத்துக்கு நீர் தருவது மழை ஒன்றே ஆயிற்று. சுற்றுப்புறத்தைவிட மேடுபட்டு, கவிழ்த்த தட்டுப்போல நடுவே உயர்ந்து நிற்பதனாலேயே இது மேட்டுச் சதுப்பு எனப்படுகிறது. கிளாராவில் பீற்றின் ஆழம் சில இடங்களில் ஏறத்தாழ 10 மீற்றர் வரை உள்ளது. ஆண்டொன்றுக்குச் சராசரி 1 மில்லிமீற்றர் அளவே அது வளர்கிறது என்பதை மனங்கொண்டால், நாம் நிற்கும் பலகையின் கீழுள்ள காலத்தின் அளவு புலப்படும்.

மழைநீரில் கனியுப்புகள் மிகக் குறைவு. எனவே இது தாவரங்களைப் பொறுத்தவரை வறுமை நிலம். நைதரசனும் பொசுபரசும் கல்சியமும் அரிதாகிய இந்நிலத்தில் வாழும் ஒவ்வொரு தாவரமும் அவ்வறுமைக்கு ஒவ்வொரு விதமாக விடை கண்டுள்ளது.

அவற்றுள் முதன்மையானது ஸ்பாக்னம் என்னும் பாசி. சதுப்பினை ஆக்குவதும் ஆள்வதும் அதுவே எனலாம். அதற்கு வேரில்லை. மேல்நுனி வளர, அடிப்பகுதி மடிந்து பீற்றாகிறது. அதன் இலையில் இருவகைக் கலங்கள் உள்ளன. பச்சையமுள்ள ஒடுங்கிய உயிர்க்கலங்கள் ஒருவகை. உயிரற்று, வெறுமையாகி, துளைகள் கொண்டு நீரைத் தேக்கும் அகன்ற கலங்கள் மற்றைய வகை. இவ்வெற்றுக் கலங்களின் துணையால் ஸ்பாக்னம் தன் உலர்நிறையைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு நீரைத் தாங்கவல்லது. நீரிலுள்ள கல்சியம் முதலான அயன்களை உறிஞ்சி, அவற்றுக்கு மாற்றாக ஐதரசன் அயன்களை அது வெளிவிடுகிறது. சுற்றுப்புறம் அமிலத்தன்மை அடைகிறது; ஏனைய தாவரங்கள் வளர்தல் கடினமாகிறது. தான் வாழும் சூழலைத் தானே ஆக்கிக்கொள்ளும் தாவரம் இது. குளிரும் அமிலமும் ஒட்சிசன் இன்மையும் சேர்ந்து எதனையும் அழுகவிடா. முதலாம் உலகப்போரில் பஞ்சு தட்டுப்பட்ட வேளை, உலர்த்திய ஸ்பாக்னமே காயங்களுக்குக் கட்டும் பஞ்சாகப் பெருமளவிற் பயன்பட்டது என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

தொலைவிலிருந்து ஒரே சீரான கபில நிறமாகத் தோன்றும் சதுப்பு, அருகில் நோக்குமிடத்து மேடும் பள்ளமும் குட்டையுமாகப் பிரிந்து காணப்படுகிறது. நீர் தேங்கிய குட்டைகளில் இளம்பச்சை ஸ்பாக்னம் இனமொன்று மிதக்கிறது. மேடுகளில் செந்நிற இனமொன்று திண்டுபோற் செறிந்து நிற்கிறது. சில அங்குல உயர வேறுபாடே இனங்களைப் பிரிக்கப் போதுமானது. மேடுகளின் உச்சியில் ஹெதர்ச் செடிகளும் சாம்பல்நிற இலைக்கன்களும் காணப்பட்டன. பருத்திப்புல்லின் வெண்குஞ்சங்களிற் சில இன்னும் காற்றில் அசைந்து கொண்டிருந்தன. இப்புல் தன் பழைய இலைகள் மடியுமுன் அவற்றிலுள்ள சத்துகளை மீள உறிஞ்சிச் சேமித்துக்கொள்கிறது.

குட்டையோரத்தில் முழந்தாளிட்டுப் பார்த்தபோது துரோசெரா கண்ணிற்பட்டது. நாணயமளவு வட்டஇலை, அதன் மேல் செந்நிறத் தும்புகள், ஒவ்வொரு தும்பின் நுனியிலும் பனித்துளிபோல் ஒட்டும்பசை. வந்தமரும் சிறு பூச்சி பசையில் அகப்பட, தும்புகள் மெல்ல வளைந்து மூடிக்கொள்கின்றன. நொதியங்கள் அதன் உடலைக் கரைக்க, மண் தராத நைதரசனைத் தாவரம் அவ்வாறு பெறுகிறது. சார்ள்ஸ் டார்வின் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1875இல் ஊனுண்ணும் தாவரங்கள் பற்றி வெளியிட்ட நூலில் பெரும்பகுதி இத்தாவரத்தைப் பற்றியதே. இதே சாதியைச் சேர்ந்த இனங்கள் இலங்கையிலும் உள. நம் மருத்துவ மரபு இவற்றை ‘அழுகண்ணி’ எனப் பெயரிட்டழைத்தது. அயர்லாந்தின் குட்டையோரத்தில் அழுகண்ணியைக் கண்டபோது, வறுமை நிலங்கள் உலகின் எப்பகுதியிலிருப்பினும் ஒரேவகை விடையையே தூண்டுகின்றன என எண்ணத் தோன்றிற்று.

3

அன்று பூத்திருந்தவற்றுள் கண்ணைக் கவர்ந்தது சதுப்பு அஸ்போடெல் என வழங்கும் மஞ்சட் பூ. அதன் இலத்தீன் பெயரின் பிற்பகுதிக்கு ‘எலும்பை முறிப்பது’ என்பது பொருள். இதனை மேய்ந்த ஆடுகளின் எலும்புகள் எளிதில் முறிந்தன என்பது வடஐரோப்பிய இடையர்களின் நம்பிக்கை. உண்மையான காரணம் வேறு. இச்செடி வளரும் நிலமே கல்சியம் அற்றது. அந்நிலத்தில் மேயும் ஆடு எதனை உண்டாலும் அதன் எலும்பு வலுவிழக்கும். நிலத்தின் குறையைச் செடியின் மேல் சுமத்தியமையே இங்கு நிகழ்ந்தது.

இச்சிறு பிழையைக் குறிப்பிடுவதற்குக் காரணமுண்டு. சதுப்பினைப் பற்றியும் அதன் மக்களைப் பற்றியும் ஆதிக்க வர்க்கத்தினர் எழுதிவந்தவற்றில் இதே தலைகீழ்ப் பார்வையை நாம் காண்கின்றோம். ஆனால் இடையரின் பிழை அறியாமையால் விளைந்தது. இது நலன்களால் விளைந்தது.

1652இல் வெளிவந்த அயர்லாந்தின் இயற்கை வரலாறு பற்றிய நூலொன்றில், ஜெராட் போட் என்னும் மருத்துவர் அந்நாட்டுச் சதுப்புகளுள் பலவற்றின் தோற்றத்துக்கு ஐரிஷ் மக்களின் அசட்டையே காரணம் என வாதித்தார். நீர் வடியும் வழிகளை அவர்கள் பேணாமையாற் சதுப்புகள் பெருகின என்பது அவர் கூற்று. இந்நூலை எழுதியபோது அவர் அயர்லாந்திற் காலடி வைத்ததில்லை. அந்நாட்டு நிலங்களைப் பறித்துக் குடியேற்றம் செய்ய முற்பட்டிருந்தோருக்கு வழிகாட்டியாகவே அது எழுதப்பட்டது; வெளியானபோது குரொம்வெல்லுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. 1685இல் வில்லியம் கிங் என்பார் றோயல் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையும் இதே குற்றச்சாட்டை மீட்டுரைத்தது. அக்கட்டுரையில் மேலும் ஓர் உண்மை வெளிப்படுகிறது. சதுப்புகள் ‘ரோரி’களுக்குப் புகலிடமாக இருப்பதை அவர் குறைகூறினார். நிலம் பறிக்கப்பட்டுத் துரத்தப்பட்ட ஐரிஷ் மக்களுள் ஆயுதமேந்தியோரையே அச்சொல் முதலிற் குறித்தது. பிரித்தானியப் பழமைவாதக் கட்சியினர் இன்றும் அப்பெயரால் அழைக்கப்படுவது வரலாற்றின் எள்ளல்களுள் ஒன்று.

சதுப்புகள் தோன்றியமை மழையாலும் பாசியாலும் பத்தாயிரம் ஆண்டுக் காலத்தாலுமேயன்றி எவரின் சோம்பலாலும் அன்று என்பதை இயற்கை விஞ்ஞானம் பின்னர் நிறுவிற்று. ஆயினும் ‘சோம்பேறிச் சுதேசி’ என்னும் கருத்துநிலையின் பயன் அதன் உண்மையிலன்று, அதன் விளைவிலேயே தங்கியிருந்தது. உழைக்காதவனுக்கு நிலத்தில் உரிமையில்லை. ஆகவே அதனை எடுத்துக்கொள்ளலாம் என்பதே அவ்விளைவு. நெப்போலியனியப் போர்க்காலத்தில், 1809ஆம் ஆண்டு, அயர்லாந்தின் சதுப்புகளை வடித்துப் பயிரிடும் வாய்ப்பை ஆராய ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. கடற்படைக்குத் தேவைப்பட்ட சணல்நார்ப் பயிரை அங்கு விளைவிக்கலாம் என்பது அதன் எதிர்பார்ப்புகளுள் ஒன்று. வெற்றுநிலம் என்னும் எண்ணக்கரு இவ்வாறு பேரரசின் தேவையிலிருந்தே பிறப்பெடுக்கிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையில் காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும் முடிக்குரியனவாகக் கருதியமையை அறிந்த நமது வாசகருக்கு இத்தருக்கம் புதியதன்று.

4

ஆதிக்க வர்க்கத்துக்கு வெற்றுநிலமாகத் தோன்றிய சதுப்பு, ஏழைக் குடியானவனுக்கு அடுப்பாக இருந்தது. காடுகள் அழிக்கப்பட்டு, நிலக்கரியும் அரிதாகியிருந்த நாட்டில் பீற்றே எரிபொருள். வேனில் தொடக்கத்தில் ஒருபுறம் இறகுவைத்த ‘ஸ்லான்’ என்னும் மண்வெட்டியாற் செங்கல் வடிவில் அதனை வெட்டுவர், பரப்பி உலர்த்துவர், ஓரளவு உலர்ந்தபின் சிறு குவியல்களாக நிறுத்திக் காற்றாட விடுவர், பின் வண்டியில் ஏற்றி வீடு சேர்ப்பர். ஆணும் பெண்ணும் சிறுவரும் பங்குகொண்ட இவ்வுழைப்பில் அயலார் ஒருவருக்கொருவர் கைமாறாக உதவும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று.

நல்ல விளைநிலம் நிலப்பிரபுக்களின் மேய்ச்சலுக்கும் ஏற்றுமதிப் பயிருக்கும் போகப்போக, நிலமற்றோர் சதுப்பின் ஓரங்களுக்கே தள்ளப்பட்டனர். உருளைக்கிழங்கு ஒன்றையே நம்பி அங்கு வாழ்ந்தோரை 1845 முதல் 1852 வரை நீடித்த பெரும்பஞ்சம் தாக்கியது. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதேயளவினர் நாட்டைவிட்டு வெளியேறினர். 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்தில் மார்க்ஸ் அயர்லாந்தைத் தனியே எடுத்து ஆராய்ந்தார். இங்கிலாந்து நூற்றைம்பது ஆண்டுகளாக அயர்லாந்தின் மண்ணையே மறைமுகமாக ஏற்றுமதி செய்து வந்தது என்றும், இழந்த மண்வளத்தை ஈடுசெய்யும் வழியைக்கூட உழுவோருக்கு விட்டுவைக்கவில்லை என்றும் அவர் அங்குச் சுட்டினார். ஏங்கெல்ஸ் 1869இல் லிசி பேர்ன்ஸ், மார்க்ஸின் மகள் எலியனோர் ஆகியோருடன் அயர்லாந்தைச் சுற்றிப் பார்த்தார். மறு ஆண்டு அவர் எழுதத் தொடங்கி முற்றுப்பெறாது விட்ட அயர்லாந்து வரலாற்றின் முதல் அத்தியாயம் அந்நாட்டின் இயற்கை நிலைமைகள் பற்றியது. அயர்லாந்தின் மண்ணும் மழையும் எதற்கு ஏற்றவை என்பது பற்றிய ‘விஞ்ஞானத் தீர்ப்பு’ இங்கிலாந்தின் சந்தைத் தேவைக்கேற்ப மாறிவந்தமையை அவர் அங்கு எள்ளி நகையாடுகிறார். இயற்கையை ஆராய்வதும் வர்க்க உறவுகளை ஆராய்வதும் அவருக்கு ஒரே பணியாகவே இருந்தன.

பின்வந்த நிலச் சட்டங்களின் வழி குத்தகைக் குடியானவர்கள் நிலவுடைமையாளராயினர். பண்ணை நிலத்துடன் சதுப்பில் ஒரு துண்டில் பீற் வெட்டும் உரிமையும் பல குடும்பங்களுக்குக் கிடைத்தது. ஆகவே அவ்வுரிமை அவர்களுக்கு எரிபொருள் மாத்திரமன்று. நிலப்பிரபுத்துவத்தை எதிர்த்துப் பெற்ற வெற்றியின் சின்னமுமாகும். இதனை விளங்கிக்கொள்ளாமற் பிற்காலத்துச் சச்சரவுகளை விளங்கிக்கொள்ள இயலாது.

கிளாரா நகரைப் பற்றியும் ஒரு சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு குட்பொடி குடும்பத்தினர் சணல் ஆலையொன்றை நடத்தினர். வங்காளத்து வயல்களில் விளைந்த சணல் கடல்கடந்து வந்து, இச்சதுப்பின் ஓரத்தில் வாழ்ந்த ஐரிஷ் தொழிலாளர் கையாற் சாக்காயிற்று. ஒதுங்கிய சதுப்பு எனத் தோன்றும் இடமும் உலகச் சந்தையின் வலைக்குள் எப்போதோ அகப்பட்டிருந்தது.

5

சுதந்திர அயர்லாந்து சதுப்பினை வேறு கண்கொண்டு நோக்கிற்று. பிரித்தானிய நிலக்கரியிற் சார்ந்திராது நாட்டை நிமிர்த்துவதற்கான சுதேச வளமாக அது கொள்ளப்பட்டது. 1934இல் பீற் அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அது ‘போட் னா மோனா’ என்னும் அரச கூட்டுத்தாபனமாயிற்று. இதன் முன்னோடியாகிய ரொட் அன்ட்றூஸ் 1935இல் ஜேர்மனிக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் சென்று பாரிய பீற் உற்பத்தி முறைகளைக் கண்டு திரும்பினார். லெனினின் மின்மயமாக்கல் திட்டத்தில் பீற் முக்கிய இடம் பெற்றிருந்தது. மொஸ்கோவுக்குக் கிழக்கேயுள்ள ஷற்றூரா மின்நிலையம் அதன் பெருமைமிகு சாதனை.

அயர்லாந்தின் நடுநிலப் பகுதிக்கு இத்தொழில் உண்மையான நன்மையைத் தந்தது. புலம்பெயர்வே விதியாயிருந்த ஊர்களில் நிலையான வேலையும் தொழிற்சங்கமும் வீடும் மின்னொளியும் வந்தன. இதனை மறுப்பது வரலாற்றுக்குப் புறம்பானது. ஆயின் விலை பெரிது. வடிகால் வெட்டிச் சதுப்பின் நீரை வெளியேற்றினர். உயிர்ப்பாசிப் போர்வையை உரித்தனர். இயந்திரங்கள் ஒரு தடவையில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் மேற்பரப்பைத் துருவி எடுத்தன. பத்தாண்டு வளர்ச்சி ஒரே துருவலில் அகன்றது. ஒரு காலத்தில் 3 இலட்சம் ஹெக்டேயருக்கு மேற் பரந்திருந்த அயர்லாந்தின் மேட்டுச் சதுப்புகளில், இன்று பீற் ஆக்கும் உயிர்ப்புடன் எஞ்சியுள்ளது நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைவு.

இவ்விடத்தில் மார்க்சியர் தம்மையும் வினவிக்கொள்ள வேண்டும். சதுப்பினை வெறும் எரிபொருட் களஞ்சியமாக நோக்கியதில் முதலாளித்துவ நாடுகளும் சோவியத் ஒன்றியமும் பெரிதும் வேறுபடவில்லை. வடிக்கப்பட்டுக் கைவிடப்பட்ட ஷற்றூராப் பகுதிப் பீற் நிலங்கள் 1972ஆம், 2010ஆம் ஆண்டுக் கோடைகளில் தீப்பற்றி, மொஸ்கோ நகரையே புகையால் மூடின. உற்பத்தி சக்திகளின் வளர்ச்சியை மாத்திரம் அளவுகோலாகக் கொண்ட பார்வை, மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான பொருட்பரிமாற்றம் முறிவடைதல் பற்றி மார்க்ஸ் எழுதியதை மறந்துவிட்டது. அம்மறதிக்கு நாமும் பொறுப்பாளிகளே.

கிளாரா அழிவின் விளிம்பிலிருந்தே மீண்டது. 1980களின் தொடக்கத்தில் அதன் கிழக்குப் பாதி பீற் உற்பத்திக்கென வடிகாலிடப்பட்டது. அதற்குள் இயற்கையியலாளரின் எதிர்ப்பு எழுந்தது. தம் நாட்டு மேட்டுச் சதுப்புகளை ஏறக்குறைய முற்றாக இழந்துவிட்ட ஒல்லாந்தரும் இவ்விடயத்திற் குரல் கொடுத்தனர். அயர்லாந்தின் சதுப்புகளைக் காப்பதற்கென 1983இல் அங்கு அறக்கட்டளை ஒன்றே நிறுவப்பட்டது. நிலம் அரசின் இயற்கை ஒதுக்கிடமாயிற்று. வடிகால்கள் பின்னர் அடைக்கப்பட்டன. எனினும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன் நடுவே போடப்பட்ட வீதியும் அதன் வடிகாலும் சதுப்பினைப் பல மீற்றர் தாழச் செய்துள்ளன. கவிழ்த்த தட்டாக நின்ற மேடு இன்று வீதியை நோக்கிச் சரிந்து கிடப்பதை நேரிற் காணலாம். நீரை இழந்த பீற் சுருங்கும். ஒட்சிசன் புகுந்து உக்கும். தன்னுட் சேமித்த காபனைக் காபனீரொட்சைட்டாக வெளிவிடும். உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 சதவீதமேயான பீற் நிலங்கள் உலகக் காடுகளின் உயிர்த்திணிவு அனைத்திலும் உள்ளதைவிடக் கூடுதலான காபனைச் சேமித்து வைத்துள்ளன. ஆகவே கிளாராவின் வடிகால் கிளாராவுக்கு மாத்திரம் உரிய விடயமன்று.

6

1992ஆம் ஆண்டு ஐரோப்பிய வாழிடப் பணிப்புரையின் கீழ் அயர்லாந்து 53 மேட்டுச் சதுப்புகளைச் சிறப்புப் பாதுகாப்புப் பிரதேசங்களாக அறிவித்தது. வீட்டுத் தேவைக்குப் பீற் வெட்டுவோருக்கு முதலிற் பத்தாண்டு விலக்களிக்கப்பட்டது. அது முடிந்து 2011இல் தடை நடைமுறைக்கு வந்தபோது நடுநிலத்திலும் மேற்கிலும் கடும் எதிர்ப்பு மூண்டது. ஆண்டுக்கு 1,500 யூரோ வீதம் 15 ஆண்டுகளுக்கு இழப்பீடு தர அரசு முன்வந்தது. பலர் ஏற்றனர், பலர் மறுத்துத் தொடர்ந்து வெட்டினர்.

இச்சச்சரவை ‘அறிவொளி பெற்ற நகரத்தார், பிற்போக்கான நாட்டுப்புறத்தார்’ எனப் பிரித்துக் காண்பது எளிது, ஆனாற் பிழை. போட் போன்றோர் கூறிய கதையின் புதிய பதிப்பே அது. முன்னர் சதுப்பினை ஆக்கியவர் எனப் பழிக்கப்பட்ட அதே மக்கள் இப்போது சதுப்பினை அழிப்போர் எனப் பழிக்கப்படுகின்றனர். மறுபுறம், பீற் வெட்டுவோரின் ‘பாரம்பரியம்’ என்னும் கோஷத்தையும் ஆராயாது ஏற்கவியலாது. 1980கள் முதல் ஸ்லானின் இடத்தை உழவு இயந்திரத்தோடு பூட்டிய வெட்டுப்பொறி பிடித்தது. அதனை இயக்குவோர் ஒப்பந்தகாரர். ஒரு குடும்பம் பல நாள் வெட்டிய அளவு சில மணி நேரத்தில் வெட்டப்படும்போது அங்கு நிகழ்வது முன்னோரின் தொழிலன்று. அது பழைய பெயரைத் தாங்கிய புதிய உறவு.

பெரும் உற்பத்தியும் முடிவுக்கு வந்தது. ஷனன்பிறிஜ், லேன்ஸ்பறோ ஆகிய பீற் மின்நிலையங்கள் 2020 டிசெம்பரில் மூடப்பட்டன. போட் னா மோனா பீற் அறுவடையை நிறுத்துவதாக 2021 சனவரியில் அறிவித்தது. எடென்டெறி மின்நிலையம் 2023 முடிவோடு பீற் எரித்தலைக் கைவிட்டது. ‘நீதியான நிலைமாற்றம்’ என்னும் சொல் அரச ஆவணங்களில் இடம்பெற்றது. அச்சொல் தொழிற்சங்க இயக்கத்திலிருந்து வந்தது என்பதையும், அதில் ‘நீதி’ என்பது அடைமொழியாக மாத்திரம் நின்றுவிடக் கூடாது என்பதையும் வலியுறுத்தல் வேண்டும்.

ஆயினும் தோட்டக்கலைக்கான பீற்றின் தேவை தீர்ந்துவிடவில்லை. உள்நாட்டு அகழ்வு சட்டச் சிக்கலில் நின்றபோது, 2021 செப்டெம்பரில் லத்வியாவிலிருந்து 3,600 தொன் பீற் கப்பலில் வந்திறங்கியது. ஒரு நாட்டின் சதுப்பு காக்கப்பட, இன்னொரு நாட்டின் சதுப்பு தோண்டப்பட்டது. பீற்றுக்கு மாற்றாக இன்று ஐரோப்பியத் தோட்டங்களில் பெருகிவரும் பொருள் எது என நோக்கின், நாம் நமது நாட்டுக்கே வந்து சேர்கின்றோம். தேங்காய்ப் பொச்சுமட்டையிலிருந்து தும்பு பிரித்தபின் எஞ்சும் தும்புத்தூளே அது. இலங்கையும் இந்தியாவும் அதன் முதன்மை ஏற்றுமதியாளர்கள். முன்னர் ஆலையருகே கழிவாகக் குவிந்து கிடந்தது இன்று அழுத்திக் கட்டியாக்கப்பட்டுக் கப்பலேறுகிறது. அதிலுள்ள உப்பை நீக்க நல்ல நீராற் கழுவ வேண்டும். அந்நீர் நமது கிணறுகளினதும் ஆறுகளினதும் நீர். தூசியிடையே நின்று உலர்த்திப் பொதிசெய்யும் கைகள் நமது தொழிலாளரின் கைகள். கழிவு பயன்படுவதும் வேலை கிடைப்பதும் வரவேற்கத்தக்கனவே. ஆனால் கிளாராவின் அழுகண்ணி உயிர்வாழ்வதற்கான விலையில் ஒரு சிறு பங்கேனும் இங்கு செலுத்தப்படுகிறது என்பதையும், அவ்விலை என்னவென இங்குள்ள தொழிலாளரிடம் எவரும் கேட்டறியவில்லை என்பதையும் நாம் கருத்திற்கொள்ள வேண்டும். பாதுகாப்பு என்பது தேச எல்லையோடு முடியுமாயின், அது சுமையை அகற்றுவதன்று, இடம் மாற்றுவதே.

7

சதுப்பு எதனையும் எளிதில் அழியவிடுவதில்லை. 2003இல் இதே ஒபலி மாவட்டத்தில் பழைய குரோகன் என்னுமிடத்தில் வடிகால் துப்புரவாக்கியபோது, இரும்புக்காலத்தில் கொலையுண்ட மனிதன் ஒருவனின் உடல் தோலும் நகமும் குலையாது வெளிப்பட்டது. அத்தகைய உடல்களிலிருந்து தம் காலத்து வடஅயர்லாந்தின் வன்முறையைச் சிந்தித்த கவிஞர் சேமஸ் ஹீனியின் ‘நோர்த்’ தொகுதி 1975இல் வெளிவந்தது. உடல்கள் மாத்திரமல்ல, படிந்த ஒவ்வொரு படையிலும் அவ்வக்காலத்து மகரந்தமும் சாம்பலும் உள்ளன. காடு எப்போது வெட்டப்பட்டது, பயிர் எப்போது தொடங்கியது, நிலம் எப்போது கைவிடப்பட்டது என்பன அங்கு வரிசையாகப் பதிந்துள்ளன. எழுத்தறியாத மக்களின் உழைப்பைப் பதிந்துவைத்த ஆவணக் காப்பகம் அது.

அக்காப்பகத்தின் மிக அண்மைய படையில் என்ன பதியும் என்பதை நம் தலைமுறை தீர்மானிக்கிறது. கூட்டுத்தாபனத்தின் பழைய சதுப்புகளில் ஏறத்தாழ 33,000 ஹெக்டேயரை மீள நனைக்கும் திட்டத்துக்கு அயர்லாந்து அரசு 2020இல் நிதி ஒதுக்கியது. முன்னர் இயந்திரம் ஓட்டிப் பீற் துருவிய தொழிலாளருட் பலர் அதே இயந்திரங்களால் வடிகால்களை அடைக்கும் வேலையில் அமர்த்தப்பட்டனர். எங்கே நீர் ஓடும், எங்கே மண் தாங்கும் என்பதைத் தம் தொழிலினால் அறிந்தவர்கள் அவர்கள். அவ்வறிவு இல்லாமல் எந்த விஞ்ஞானியின் வரைபடமும் பயன்தராது. நீர் மீண்டும் தேங்கிய இடங்களில் ஸ்பாக்னம் மெல்லத் திரும்பும். அது பீற் ஆக்கத் தொடங்குதற்குப் பல ஆண்டுகள் செல்லும்.

சதுப்பினை மீட்பதும் உழைப்பே. அவ்வுழைப்புக்கு உரிய ஊதியமும், அதனைத் திட்டமிடுவதில் அதன் தொழிலாளருக்கு உரிய இடமும் கிடைக்குமாயின், பாசியும் மனிதனும் ஒரே நிலத்தில் வாழ வழி பிறக்கும். அவை மறுக்கப்படின், பாதுகாக்கப்பட்ட சதுப்பும் வேலியிட்ட இன்னொரு பண்ணையாகவே எஞ்சும். கிளாராவின் மரப்பலகைப் பாதையில் நடந்து திரும்புவோர் அழுகண்ணியின் பசைத்துளியோடு இவ்வினாவையும் நினைவிற்கொண்டு செல்வது நன்று.